தாங்கும் சக்தியைத் தொழிலாளியிடம் மட்டும் தேடாதீர்கள்

தொழிற்பேட்டைகளின் பயிற்சிக் கூடங்களில் சில ஆண்டுகளாக ஒரு புதுப் பாடம் நடந்துவருகிறது. திரையில் மூளையின் படம் வரும். அமிக்டாலா சிவப்பாகவும், நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளைப் புறணி நீலமாகவும் தெரியும். சிவப்புப் பகுதி பயத்தையும் கோபத்தையும் கிளப்பும், நீலப் பகுதி அதை அடக்கும், பழகப் பழக நீலம் வலுப்படும் என்று பயிற்சியாளர் விளக்குவார். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல விடச் சொல்வார். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் உற்பத்தி லைனுக்குத் திரும்பிவிடுவார்கள். இந்தப் பாடத்துக்கு அடியிலிருக்கும் கருத்து ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வகுப்புக்கு வெளியேயும் கேட்கக் கூடியதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி கிடையாது, சூப்பர்வைசர் ஒரு வார்த்தை சொன்னால் கண் கலங்குகிறார்கள், மூன்று மாதத்தில் வேலையை விட்டு ஓடுகிறார்கள், மனசைப் பழக்கிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். முன்பு பெரியவர்களின் அறிவுரையாக இருந்த இந்தப் பேச்சுக்கு இப்போது நரம்பியலின் முத்திரை விழுந்திருக்கிறது. முத்திரை விழுந்ததாலேயே யாரும் இதை எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டும். மூளை மாறக்கூடியது என்பது உண்மை. மூச்சைச் சீராக்கினால் படபடப்பு தணியும் என்பதும் உண்மை. ஆனால் இந்த இரண்டு உண்மைகளையும் வைத்துக்கொண்டு ‘ஆகவே மனவலிமை அவரவர் பொறுப்பு’ என்று முடிக்கிறார்களே, அந்த முடிவுக்கு நரம்பியலில் ஆதாரம் இல்லை. உணர்ச்சியை ஆளும் திறன் எதனால் வளர்கிறது, எதனால் அழிகிறது என்று கடந்த 50 ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்கள் தேடியதில் திரும்பத் திரும்ப அகப்பட்டவை தூக்கம், அடுத்து என்ன நடக்கும் என்ற நிச்சயம், நம் செயலுக்குப் பலன் உண்டு என்ற அனுபவம், பக்கத்தில் துணை ஆகியவையே. ஓசூரில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்த நான்கையும் தீர்மானிப்பவை ஷிப்ட் அட்டவணையும் விடுதியும் வேலை ஒப்பந்தமும். நரம்பியலை நம்புகிறவர்கள் முதலில் அவற்றைத்தான் திருத்த வேண்டும் என்பதே என் வாதம்.

இதற்கான முதல் சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஓசூருக்குப் பக்கத்திலிருக்கும் பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளை நாளுக்கு இரண்டு மணி நேரம், பத்து நாள், அசைய முடியாமல் அடைத்து வைத்தார்கள். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின. பயத்துக்கு ஆதாரமான அமிக்டாலாவில் அதே கிளைகள் நீண்டு பெருகின. தொல்லை நின்று 21 நாள் கழித்தும் பார்த்தார்கள். ஹிப்போகேம்பஸ் மீண்டுவிட்டது, அமிக்டாலா மீளவில்லை, எலிகளின் பதற்றமும் போகவில்லை என்று 2004இல் எழுதினார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றக் கூடாது, சரி. ஆனால் ‘மூளை மாறும்’ என்ற வாக்கியத்தைப் பயிற்சிக் கூடத்தில் உச்சரிக்கிறவர்கள் இந்த மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். மூளை எதைத் தினமும் அனுபவிக்கிறதோ அதற்கேற்ப மாறுகிறது. மாதத்தில் ஒரு மணி நேர வகுப்பு அதற்கு ஓர் அனுபவம் என்றால், வாரத்தில் 48 மணி நேர வேலையும் அதற்குமேல் ஓடும் ஓவர்டைமும் வேறோர் அனுபவம். எது மூளையில் ஆழமாகப் பதியும் என்பதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

அடுத்தது தூக்கம். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளில் வாரத்துக்கொரு ஷிப்ட் மாறுவது சாதாரணம். காலை 6 மணிக்கு இரவு வேலையான சி ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் கண்ணாடியில் தலை சாய்த்துக் கண்ணயர்ந்து, விடுதிக்கு வந்து குளியலறைக்கு வரிசையில் நின்று, சாப்பிட்டுப் படுக்கும்போது வெயில் ஏறிவிடும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுப்பவருக்குக் கூரையின் சூடு முகத்தில் அடிக்கும். துப்பட்டாவைக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு படுப்பார். பி ஷிப்ட்டுக்குப் போகும் அறைத்தோழியின் அலாரம், துவைக்கும் சத்தம், ஊரிலிருந்து அம்மாவின் போன் எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். மூளைக்குள்ளிருக்கும் கடிகாரமோ வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து ஓடாது. அது புது நேரத்துக்குப் பழகி முடிப்பதற்குள் வாரம் முடிந்து அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது. இதன் விளைவு என்ன என்பதை தூக்க ஆய்வாளர் மேத்யூ வாக்கரின் குழு 2007இல் காட்டியது. 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்குக் கலக்கம் தரும் படங்களைக் காட்டியபோது, நன்றாகத் தூங்கியவர்களைவிட அமிக்டாலாவின் கொதிப்பு 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதை அடக்க வேண்டிய முன்மூளையோடு அதற்குள்ள தொடர்பும் தளர்ந்திருந்தது. அதாவது, திரையில் காட்டப்படும் அந்த நீலப் பகுதியின் பிடியைத் தளர்த்துவது தூக்கமின்மை. இரவு முழுக்க விழித்தவரை உட்காரவைத்து உணர்ச்சிக் கட்டுப்பாடு சொல்லித் தருவது, கட்டுப்படுத்தும் உறுப்பையே ஓய்வெடுக்க விடாமல் அதனிடம் வேலை கேட்பது.

தூக்கத்தையும் அவரவரே பார்த்துக்கொள்ளலாமே, போனை வைத்துவிட்டு நேரத்தோடு படுத்தால் போதாதா என்று கேட்பார்கள். இதற்குச் சென்னையிலேயே ஒரு பதில் இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள 452 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. இவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரமே. தூக்கத்தின் நன்மைகளை எடுத்துச் சொன்னார்கள். கண்மறைப்பு, காதடைப்பான், மின்விசிறி, நல்ல படுக்கை கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. ஆனாலும் வேலைத்திறனிலோ மனநலத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை, கொசுவும் சூடும் சத்தமும் நிறைந்த வீட்டில் தூக்கம் துண்டுதுண்டாகவே இருந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம். இதே ஆய்வில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வேலையிடத்திலேயே அமைதியான ஓரிடத்தில் மதியம் அரை மணி நேரம் கண்ணயர விட்டார்கள். வேலைத்திறன், கவனம், மனநிலை மூன்றும் மேம்பட்டன. தனிமனிதருக்கு அறிவுரையும் பொருளும் கொடுத்துச் சாதிக்க முடியாததை, நிர்வாகம் ஒதுக்கிய அரை மணி நேரமும் ஓர் அறையும் சாதித்தன. தமிழ்நாட்டில், தமிழ்த் தொழிலாளர்களிடம் கண்டறிந்தது இது. ஓசூரின் மனிதவளத் துறைகள் இதைப் படித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சான்று ‘கையாலாகாத நிலை’ பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வருகிறது. 1967இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மேயரும் செய்த சோதனை பிரபலமானது. தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு வழி திறந்திருந்தும் நகராமல் கிடந்தன. அவை கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டன என்று அன்று விளக்கினார்கள். பல தன்னம்பிக்கைப் புத்தகங்கள் நிற்பது இந்த விளக்கத்தின் மீதுதான்: கற்றுக்கொண்டதை மறக்கலாம், எண்ணத்தை மாற்றினால் போதும். ஆனால் 2016இல் அதே இருவரும், இடைப்பட்ட நரம்பியல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, தங்கள் பழைய விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீடித்த துன்பத்தில் உடல் ஓய்ந்துபோவது கற்று வருவதே கிடையாது. அது மூளைத்தண்டிலிருந்து இயல்பாகவே எழும் எதிர்வினை. கற்றுக்கொள்ளப்படுவது இன்னொன்று. நான் செய்வதால் துன்பம் நிற்கிறது என்பதை முன்மூளை கண்டுகொண்டால், அது அந்த ஓய்ந்துபோதலைத் தடுத்து நிறுத்துகிறது. ஒருமுறை அப்படிக் கண்டுகொண்ட விலங்கு, பின்னால் வரும் தப்பிக்க முடியாத துன்பத்தையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. மனவலிமையின் விதை இதுதான். ஒருவரது செயலால் நிலைமை நிஜமாகவே மாறியிருக்க வேண்டும். மாறாத நிலைமையில் மாறியதாக நினைத்துக்கொள்ளச் சொல்வது அந்தக் கற்றலைத் தராது.

இப்போது தொழிலாளியின் வாரத்தைப் பார்ப்போம். அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்பது கடைசி நேரத்தில் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஞாயிறு ஓவர்டைம் உண்டா இல்லையா என்பது சனிக்கிழமை மாலை தெரிகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது ஏஜென்சிக்கே தெரியாது. லைனை விட்டுக் கழிப்பறைக்குப் போக மாற்று ஆள் வர வேண்டும். விடுதிக் கதவு எப்போது திறக்கும் என்பதை வார்டன் சொல்வார். 2025 நவம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் நாகமங்கலம் அருகே பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா இருந்தது தெரியவந்து, ஏராளமான பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். குளிக்கும் இடத்தில்கூட ஆபத்து இருக்கலாம் என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், அவரது அமிக்டாலா விழித்துக்கொண்டே இருப்பதுதான் ஆரோக்கியமான மூளைக்கு அடையாளம். அந்தப் பெண்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்து அமைதிப்படுத்த நினைப்பது, அபாய மணி அடிக்கும்போது மணியைக் கழற்றுவதற்குச் சமம்.

கோபத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். உணர்ச்சிக் கட்டுப்பாடு என்றால் கோபப்படாமல் இருப்பது என்றே நம் பயிற்சி வகுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சானதில் 200க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். கலங்கிப்போன பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து போகும் அதே சாலையில், உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது, விடுதிகளையும் சமையற்கூடங்களையும் சீர்செய்யும் வேலை தொடங்கிய பிறகு, 2022 ஜனவரியில் ஆலை திறந்தது. அந்த இரவில் சாலையில் அமர்ந்த பெண்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு என்று யாராவது சொல்வார்களா? மேயரின் மொழியில், தங்கள் செயலால் நிலைமை மாறும் என்பதை அவர்களுடைய முன்மூளை அன்று கற்றுக்கொண்டது. எந்தப் பயிற்சியாளராலும் கொடுக்க முடியாத மனவலிமைப் பயிற்சி அது. கோபத்தை அடக்குவதற்கும் கோபத்தைச் சரியான இடத்தில் செலுத்துவதற்கும் அதே முன்மூளைதான் வேலை செய்கிறது. இரண்டாவதையும் கட்டுப்பாடு என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வர வேண்டும்.

எதிர்த்தரப்பிடம் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சுத்திறன், நேர நிர்வாகம், மன அழுத்தத்தைச் சமாளித்தல் முதலியவற்றைக் கற்பித்த திட்டத்தைப் பொருளியலாளர்கள் முறையாகச் சோதித்தார்கள். உற்பத்தித்திறன் தெளிவாகக் கூடியது. பயிற்சி வீண் என்று சொல்பவர்களுக்கு இது பதில்தான். நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அதே ஆய்வு, நிறுவனத்துக்குப் போட்ட பணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் லாபம் வந்ததையும், பெண்களின் சம்பளம் மிகச் சொற்பமாகவே உயர்ந்ததையும் சேர்த்தே சொல்கிறது. பலன் யாருக்குப் போயிற்று என்பதை மறைத்துவிட்டுப் பயிற்சியைப் புகழ்வது நியாயமில்லை. அதுவும் பல மாதம் நீண்ட, எண்பது மணி நேர அளவிலான திட்டம்; மதிய உணவுக்குப் பிறகான ஒரு மணி நேரச் சொற்பொழிவோடு அதை ஒப்பிடக் கூடாது. சின்ன வகுப்புகள், செயலிகள், மனவலிமைப் பட்டறைகள் என்ன தருகின்றன என்பதை ஆக்ஸ்போர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024இல் ஆராய்ந்தார். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்கள். அத்தகைய வகுப்புகளில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. ஒரே காலகட்டத்தில் எடுத்த கணக்கு என்பதால் அது காரண காரியத்தை அறுதியிட்டுச் சொல்லாது. ஆனாலும் இத்தனை பெரிய கூட்டத்தில் பலன் கண்ணுக்கே தெரியவில்லை என்றால், அதன் மேல் இத்தனை நம்பிக்கை வைப்பதற்கு அடிப்படை என்ன? மாறாக, பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைகளில், 2016இல் எதிர்பார்த்த அளவு சம்பள உயர்வு கிடைக்காமல் ஏமாந்த தொழிலாளர்களிடம் வேலை நிலைமை பற்றியும் மேற்பார்வையாளர் பற்றியும் கருத்துக் கேட்டபோது, கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விடுவதும் விடுப்பெடுப்பதும் குறைந்தன. மிகவும் ஏமாந்தவர்களிடமே அந்தப் பலன் கூடுதலாக இருந்தது. ஒரு குரலுக்கு இடம் கொடுப்பதே அத்தனை வேலை செய்கிறது.

இன்னொரு மறுப்பு என் மனசுக்கு நெருக்கமானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை. மலைக்கிராமத்துப் பெண்ணுக்குச் சொந்தச் சம்பளமும் சொந்த ஏடிஎம் அட்டையும் தந்தது ஆலைதான். கல்யாணத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட அவளுக்கு வழி கொடுத்ததும் ஆலைதான். 2021இல் போச்சம்பள்ளி ஓலா ஆலையில் 10,000 பெண்களுக்கு வேலை என்று அறிவிப்பு வந்தபோது இந்த வட்டாரம் மகிழ்ந்ததில் தப்பில்லை. ஆலை வேலையைச் சபிப்பவர்கள் இந்தப் பெண்களைக் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். ஆனால் இந்த மறுப்பே என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. அவளுக்குத் தெம்பு கொடுத்தது எது? தன் வாழ்க்கையில் ஒன்றைத் தானே தீர்மானிக்கலாம் என்ற அனுபவம். அதைச் சம்பள நாளில் கொடுத்துவிட்டு, ஷிப்ட்டிலும் விடுதியிலும் திரும்பப் பிடுங்கினால் கொடுத்தது எத்தனை நாள் நிற்கும்?

கடைசியாகப் போட்டி என்ற பூச்சாண்டி. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். 2023இல் அந்த மாநிலம் 12 மணி நேர வேலைக்கும் பெண்களின் இரவு ஷிப்ட்டுக்கும் வழிவிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் அதே ஆண்டு ஏப்ரலில் 12 மணி நேர மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று அது கைவிடப்படுவதாக முதல்வர் அறிவித்தார். முதலீடு எல்லை தாண்டிப் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 2022–23இல் 537 கோடி டாலர். 2023–24இல் 956 கோடி. 2024–25இல் 1,465 கோடி. மசோதாவைக் கைவிட்டதால் ஏற்றுமதி வளர்ந்தது என்று நான் சொல்லவில்லை. கைவிட்டதால் அது நின்றுவிடவில்லை என்பது மட்டும் கண்கூடு. நான் கேட்கும் மாற்றங்களில் சிலவற்றுக்கு அதிகச் செலவும் கிடையாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பும் பொட்டாஷும் எடுக்கும் ஒரு தொழிற்சாலையில், வாரத்துக்கொரு முறை பின்னோக்கி மாறிய ஷிப்ட்டை, உடல் கடிகாரத்துக்கு இணங்க, காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி, மூன்று வாரத்துக்கொரு முறை மாறும்படி திருத்தினார்கள். தொழிலாளர்களின் திருப்தியும் உடல்நலமும் கூடின, உற்பத்தியும் உயர்ந்தது, வேலையை விடுவோர் குறைந்தார்கள். சார்லஸ் சைஸ்லரும் உடனிருந்தோரும் இதை வெளியிட்டது 1982இல். 40 ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் கிடக்கும் இந்த அறிவு ஓசூரின் அறிவிப்புப் பலகையை எட்டாததற்குப் போட்டியைக் காரணம் காட்ட முடியாது.

மனநோயால் வாடும் ஒருவருக்கு இந்த வாதம் எதுவும் சிகிச்சைக்கு மாற்றாகாது. அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். படபடக்கும்போது மூச்சை மெல்ல விடுவதும் நல்லதுதான், காசில்லாதது, கையோடு இருப்பது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, ஒரே இடத்தில் சோர்ந்துபோனால் அத்தனை மூளைகளிலும் பழுது தேடுவது அறிவியல் ஆகாது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்காமல் அரசே வாசலுக்குப் போகும் என்பது அதன் எண்ணம். அந்த எண்ணத்தை ஆலை வாசலுக்கும் நீட்டலாம். ஷிப்ட் சுழற்சி முன்னோக்கி இருக்கிறதா, அட்டவணை ஒரு மாதம் முன்பே ஒட்டப்படுகிறதா, இரவு ஷிப்ட்டில் கண்ணயர இடம் உண்டா, பகலில் தூங்குவோருக்கு விடுதியில் தனி அறை உண்டா, தொழிலாளர் குழு கூடிப் பேசியது எழுத்தில் இருக்கிறதா, அதன்படி என்ன மாறியது என்று தொழிற்சாலை ஆய்வாளர் கேட்டுப் பதிவு செய்யலாம். மனநலத்துக்காகத் தாங்கள் செய்வதை ஆண்டறிக்கையில் பெருமையாக அச்சிடும் நிறுவனங்கள், வகுப்புகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு இந்தப் பதில்களை அச்சிடட்டும். அதுவரை, மன அழுத்த மேலாண்மை வகுப்புக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு தொழிலாளியும் கேள்வி நேரத்தில் கை தூக்கி அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையைக் கேளுங்கள்.